கார் ஓடாத தீவில் பிள்ளைகளோடு: வாசகர் கேள்வி – பதில்

கிரேக்க நாட்டின் சரோனிக் வளைகுடாவில் உள்ள ஹைட்ரா தீவுக்குக் குழந்தைகளுடன் செல்வது பற்றிப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவில் ஊர் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயரும் ஹைட்ராதான். கிரேக்கர்கள் அதை ‘இத்ரா’ என்று உச்சரிக்கிறார்கள். மக்கள்தொகை சுமார் 2,000. ஒரே பொருள் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஏதென்ஸில் ஐந்து நாள் இருக்கப் போகிறோம். நான்கு வயது மகனும் ஒன்பது வயது மகளும் உடன் வருகிறார்கள். ஹைட்ராவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா, இரவு தங்கத்தான் வேண்டுமா?

பெரியவர்கள் மட்டும் போவதென்றால் ஒரு நாளில் போய்த் திரும்புவதை நான் தடுக்க மாட்டேன். பிள்ளைகள் உடன் இருந்தால் அது எல்லோருக்கும் களைப்பையே மிச்சம் வைக்கும். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகு ஹைட்ராவை அடைய ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அதற்கு முன் விடுதியிலிருந்து பிரேயஸுக்குப் போய், மிகப் பெரிய அந்தத் துறைமுகத்தில் சரியான வாயிலைக் கண்டுபிடித்து நிற்க வேண்டும். சரோனிக் தீவுகளுக்கான படகுகள் வழக்கமாக ‘ஈ8’ வாயிலிலிருந்து புறப்படுகின்றன. ஆயினும் சீட்டில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் கடந்து நீங்கள் தீவில் கால் வைக்கும் நேரம் பெரும்பாலும் பதினொரு மணியாக இருக்கும். திரும்பும் படகு நான்கு, ஐந்து மணிக்கு. ஆக, உங்களுக்குக் கிடைப்பது உச்சி வெயில் மட்டுமே. மூன்று பக்கமும் மலைச்சரிவில் கல்வீடுகள் எழும்பி நிற்க, நடுவில் கிண்ணம் போல் அமைந்த துறைமுகம் அது. கோடையில் அந்தக் கிண்ணம் எப்படிக் காயும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில்தான் ஒருநாள் பயணிகளின் கூட்டமும் அங்கே நிறைந்திருக்கும்.

கடைசிப் பகல் படகுகள் போன பிறகு ஊர் தன் நிலைக்குத் திரும்புகிறது. கற்களில் சூடு இறங்குகிறது. வீடுகளிலிருந்து உள்ளூர்க் குழந்தைகள் வெளியே வருகிறார்கள். கார் வராத வீதி என்பதால் பந்தும் ஓட்டமும் இரவு பத்து மணிக்கும் ஓய்வதில்லை. கிரேக்கத்தில் குழந்தைகளைச் சீக்கிரம் தூங்க வைக்கும் வழக்கம் கோடையில் அவ்வளவாக இல்லை. எனவே உங்கள் மகன் பதினொரு மணிக்கு உணவகத்தின் நாற்காலியில் தூங்கி வழிந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குறைந்தது இரண்டு இரவு; முடிந்தால் மூன்று. ஒரே படகுத்துறையை மூன்று நாளும் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். சலிப்பது நமக்குத்தான். நேற்றுப் பார்த்த அதே பூனை இன்றும் அதே வலைமேல் படுத்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது ஒரு நான்கு வயதுக் குழந்தைக்கு முழுதான ஒரு காலை வேலை. பூனைகளுக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை.

படகில் ஒன்றைக் கவனியுங்கள். ஹைட்ராவுக்கு முன்பு பல படகுகள் பொரோஸ் தீவில் நிற்கும். பிறகு எர்மியோனி, ஸ்பெட்செஸ் என்று தொடரும். ஒவ்வொரு துறையிலும் அது நிற்பது சில நிமிடங்கள்தான். முதல் முறை நாங்கள் பொரோஸையே ஹைட்ரா என்று நினைத்துப் பிள்ளைகளையும் பைகளையும் இழுத்துக்கொண்டு கதவு வரை வந்துவிட்டோம். கரையில் ஒரு கார் நிற்பதைக் கண்டு என் மகள்தான், “அப்பா, இங்கே கார் இருக்கிறதே” என்று தடுத்தாள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தள்ளுவண்டி கொண்டுபோகலாமா? எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும் வருகிறார். மூன்று பெட்டிகள் இருக்கும்.

தள்ளுவண்டியை விட்டுவிட்டு, குழந்தையை முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொள்ளும் பையை எடுத்துச் செல்லுங்கள். துறைமுகத்தை ஒட்டிய பாதையில் மட்டும் வண்டி ஓரளவு உருளும். அங்கிருந்து உள்ளே திரும்பினால் பதினைந்து அடிக்குள் படிகள் தொடங்கிவிடும். தலைமுறை தலைமுறையாகக் காலடிகளும் குளம்புகளும் தேய்த்த கற்கள் அவை. காய்ந்திருக்கும்போதே வழுக்கும், கழுவிவிட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் அடிப்பாகம் பிடித்து நிற்கும் செருப்பு வேண்டும். உங்கள் மாமியாருக்கு அது முதல் தேவை.

தீவில் கார், மோட்டார் சைக்கிள் இரண்டுக்கும் சட்டப்படி தடை உண்டு. குப்பை அள்ளும் வண்டி போன்ற பொதுச் சேவை வாகனங்கள் மட்டும் விதிவிலக்கு. ஆதலால் பெட்டிகளைக் கோவேறு கழுதைகளோ கைவண்டிக்காரர்களோதான் சுமந்து வருவார்கள். படகு வரும் நேரத்தில் துறையிலேயே நிற்பார்கள், கூலியை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். அறை பதிவு செய்யும்போது விடுதிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: துறையிலிருந்து உங்கள் கதவு வரை எத்தனை படிகள்? ‘அருமையான கடல் காட்சி’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் நூறு படிக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காட்சியை மூத்தவரும் கைக்குழந்தையும் நாளுக்கு மூன்று முறை ஏறித்தான் காண வேண்டியிருக்கும். துறைக்கு அருகில், சமதளத்தில் சற்று எளிய அறையே உங்களுக்கு ஏற்றது.

கேள்வி: கார் இல்லாத ஊர் என்பதால் பிள்ளைகளைத் தைரியமாக விட்டுவிடலாம் என்று தோழி சொன்னாள். உண்மைதானா? அங்கே மணல் கடற்கரை உண்டா?

பாதி உண்மை. வண்டி மோதும் பயம் இல்லை. ஆனால் அந்தத் துறைமுகக் கரைக்குத் தடுப்புக் கம்பி கிடையாது. கல் தளம் முடியும் இடத்தில் தண்ணீர் தொடங்குகிறது. அங்கேயே ஆழம், அங்கேயே படகுகளும் கயிறுகளும். நீச்சல் தெரியாத குழந்தை கரையோரம் நடக்கும்போது தண்ணீர்ப் பக்கமாக ஒரு பெரியவர் நடக்க வேண்டும் என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் உணவக மேசைகள் கரை விளிம்பு வரை போடப்பட்டிருக்கும். பெரியவர்கள் பேச்சில் ஆழ்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் கவனம் நழுவும். விளிம்பிலிருந்து இரண்டு வரிசை தள்ளி மேசை கேட்டுப் பெறுங்கள். அடுத்த தொல்லை கோவேறு கழுதைகளின் பின்கால்கள்: வரிசையாகக் கட்டி நிறுத்தியிருக்கும்போது பின்புறமாகப் போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

கடற்கரையைப் பொறுத்தவரை, நீளமான மணற்பரப்பைத் தேடுவோர் வேறு தீவுக்குப் போவதே நல்லது. ஊரை ஒட்டி மேற்கே இருக்கும் ஸ்பிலியா பகுதியில் பாறைமீது தளம் கட்டி, ஏணி வழியாக நேரே ஆழத்தில் இறங்கும்படி வைத்திருக்கிறார்கள். நன்றாக நீந்தும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சொர்க்கம். சிறு குழந்தை வைத்திருக்கும் பெற்றோருக்கு நெஞ்சு படபடக்கும் இடம். அதையும் கடந்து கடலோரப் பாதையில் கால் மணி நேரம் நடந்தால் கமீனி என்ற சிறு மீன்பிடித் துறை வரும். அங்கே சில அடி தூரம் ஆழமில்லாத நீர் கிடைக்கும். இன்னும் அதே பாதையில் போனால் விலிகோஸ். அங்கே கூழாங்கல் கரை, பழைய கல் வளைவுப் பாலம் ஒன்று, சில உணவகங்கள். ஊருக்குக் கிழக்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் உள்ள மந்திராகியில் மணல் உண்டு. பாதையில் நிழல் குறைவு. ஆகவே போகும்போது காலை இளவெயிலில் நடந்து, வரும்போது துறைமுகத்துக்கு ஓடும் சிறு படகில் ஏறிவிடுங்கள். கடல் டாக்சிகளும் உண்டு. அவற்றில் கட்டணம் ஆளுக்கல்ல, படகுக்கு. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும்.

கூழாங்கல்லில் குழந்தைகள் மணல்வீடு கட்ட முடியாதே என்று வருந்துவோருக்கு ஒரு சொல்: என் மகன் விலிகோஸில் ஒரு முழுப் பிற்பகலையும் வெள்ளைக் கல், சாம்பல் கல், துளை உள்ள கல் என்று மூன்று குவியலாகப் பிரிப்பதிலேயே கழித்தான். துளை உள்ள கல் மொத்தம் நான்குதான் கிடைத்தது. நான்கையும் திரும்ப எறிய மனமில்லாமல் அழுதது தனிக் கதை. ரப்பர் நீச்சல் காலணி மட்டும் கட்டாயம் வேண்டும். பாறை இடுக்குகளில் உருண்டையாக, கறுப்பு முள் சிலிர்த்து ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலியை மிதித்தால் முள் உள்ளே முறிந்துவிடும். அன்றோடு நீச்சலும் முடிந்துவிடும்.

கேள்வி: கழுதைச் சவாரி செய்ய வேண்டும் என்று என் மகள் இப்போதே அடம்பிடிக்கிறாள். விலங்கை வதைப்பதாகாதா?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதே நல்லது. அங்கே கோவேறு கழுதைகள் சுற்றுலாவுக்காக வந்தவை அல்ல. ஊரின் சரக்கு வண்டிகள் அவைதான். காலை ஏழு மணிக்குத் துறைக்குப் போய் அமர்ந்தால், சரக்குப் படகிலிருந்து சிமெண்ட் மூட்டை, தண்ணீர்ப் புட்டிக் கட்டு, காய்கறிக் கூடை எல்லாம் இறங்கி, மரச் சேணத்தின் இரு பக்கமும் எடை சமமாகும்படி கயிற்றால் கட்டப்படுவதைப் பார்க்கலாம். நாங்கள் பார்த்த நாளில் ஒரு விலங்கின் முதுகில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை ஏற்றினார்கள். கட்டும் ஆள் ஒரு பக்கம் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்து, ஓரடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்து, பிறகு அவிழ்த்து மறுபடியும் கட்டினார். பிள்ளைகள் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். சவாரியைவிட அந்த அரை மணி நேரம் பெரிது என்பது என் எண்ணம்.

சவாரி பற்றி: சாண்டொரினி தீவில் கழுதைகள் படும் பாடு உலகெங்கும் பேசப்பட்ட பின், 2018-இல் கிரேக்க அரசு, குதிரை இன விலங்குகள் மீது 100 கிலோவுக்கு மேலோ, அவற்றின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக் கூடாது என்று விதித்தது. எட்டு வயதுக் குழந்தையின் எடை அதற்குள் தாராளமாக அடங்கும். ஆனாலும் விலங்கு நிழலில் நிற்கிறதா, அருகில் தண்ணீர் இருக்கிறதா, சேணத்தின் அடியில் புண் இருக்கிறதா என்பதை மகளையே பார்க்கச் சொல்லுங்கள். முடிவையும் அவளிடமே விடுங்கள். உச்சி வெயில் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவர்கள். கடலோர ஊரில் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

கிரேக்கச் சமையல் வெளியிலிருந்து பார்ப்போர் நினைப்பதைவிடச் சைவத்துக்கு நெருக்கமானது. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் விரத நாட்கள் ஆண்டில் பாதிக்கு அருகில் வருவதால், எண்ணெயில் வெந்த காய்கறி உணவுகளுக்கென்றே ‘லாதெரா’ என்ற ஒரு வகை உண்டு. தக்காளிச் சாற்றில் வெந்த பச்சை பீன்ஸ், அடுப்பில் சுட்ட பெரிய வெள்ளை மொச்சையான ‘யீகாந்தெஸ்’, பருப்பை மசித்துச் செய்யும் ‘ஃபாவா’ ஆகிய மூன்றும் பிள்ளைகளுக்கு எளிதில் பழகிவிடும். ஃபாவாவைப் பார்த்த என் மகள், “நெய் இல்லாத பருப்பு” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள்.

இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதலாவது ‘நிஸ்தீசிமா’: விரத உணவு என்று பொருள், இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாய், இறால் போன்றவை விரதத்தில் அனுமதிக்கப்பட்டவை என்பதால், அவையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது ‘ஓர்ஃபனா’. தக்காளியையும் குடைமிளகாயையும் குடைந்து அரிசி நிரப்பிச் சுடும் ‘யெமிஸ்தா’வில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள்; கறி இல்லாததை ‘ஓர்ஃபனா’, அதாவது அனாதை என்பார்கள். அனாதை யெமிஸ்தா இருக்கிறதா என்று கேட்டால் பரிமாறுபவர் நிச்சயம் சிரிப்பார், பிறகு தட்டும் நிறையும். இனிப்புக்கு ‘அமிக்தலோத்தா’ என்ற ஹைட்ராவின் பாதாம் பலகாரம் பேர்பெற்றது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் செய்வோரும் உண்டு, எனவே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பதினொரு வயது மகனுக்கு அருங்காட்சியகம் என்றாலே கொட்டாவி வருகிறது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவானோ?

அவனிடம், “அங்கே ஒரு கடற்படைத் தளபதியின் இதயத்தை ஜாடியில் வைத்திருக்கிறார்கள்” என்று சொல்லிப் பாருங்கள். கொட்டாவி நின்றுவிடும்.

1821-இல் உஸ்மானியப் பேரரசுக்கு எதிராகக் கிரேக்க விடுதலைப் போர் மூண்டபோது, இந்தப் பாறைத் தீவின் வணிகக் கப்பல்கள் போர்க்கப்பல்களாயின. விளைநிலம் அரிதான தீவு அது. கடல் வாணிபத்தால்தான் செழித்தது, மக்கள்தொகையும் அன்று இன்றைக்குப் பல மடங்கு இருந்தது. மலைச்சரிவில் தெரியும் சாம்பல் நிறப் பெரிய கல்மாளிகைகள் அந்தக் கப்பல் முதலாளிகள் கட்டியவை. அவற்றுள் லசாரோஸ் குண்டுரியோட்டிஸின் மாளிகை இன்று அருங்காட்சியகம். போரில் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அந்த்ரேயாஸ் மியாவுலிஸின் பதப்படுத்தப்பட்ட இதயம், படகுத்துறைக்கு மிக அருகில் உள்ள வரலாற்று ஆவணக் காப்பக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் இழுக்காதீர்கள். வெளியே வந்ததும் துறைமுக வாயிலின் இரு பக்கமும் கடலை நோக்கி நிற்கும் பழைய பீரங்கிகளுக்கு அழைத்துச் சென்று, எதிரிக் கப்பல் எங்கே வந்தால் இரண்டு பக்கமும் சுடலாம் என்று அவனையே கணிக்கச் சொல்லுங்கள்.

கிரேக்கரின் சிறிய கப்பல்கள் உஸ்மானியரின் பெரும் போர்க்கப்பல்களை எதிர்கொண்ட வழிகளில் ஒன்று தீக்கப்பல். எரியும் பொருட்களை நிரப்பிய பழைய கலத்தை எதிரிக் கப்பலோடு பிணைத்து, தீ வைத்துவிட்டுச் சிறு படகில் தப்பி வருவார்கள். ஜூன் மாதத்தின் பிற்பகுதியில் நடக்கும் ‘மியாவுலியா’ விழாவில், இரவில் துறைமுகத்தில் ஒரு படகை உண்மையாகவே கொளுத்தி, வாணவேடிக்கையோடு அதை நடித்துக் காட்டுகிறார்கள். அந்த வார இறுதியில் அறை கிடைப்பது அரிது. மாதங்களுக்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள்.

மகளோ மகனோ மொழியில் ஆர்வம் உள்ளவராக இருந்தால் தீவின் பெயரையும் சொல்லலாம். கிரேக்கத்தில் தண்ணீரைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்று அதற்குப் பொருள் கூறுவார்கள். ஆனால் ஊற்றுகள் வற்றிப்போய், நெடுங்காலம் கப்பலில் குடிநீர் கொண்டுவரப்பட்ட தீவு அது. இப்போது கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிக் கொடுக்கிறார்கள். மேல்தெருக்களில் ‘கலா பிகாதியா’, அதாவது நல்ல கிணறுகள் என்ற பெயரில் இரண்டு பழைய கிணறுகள் இன்றும் இருக்கின்றன. மாலையில் ஏறிப் போக அந்த வழி இதமானது.

கேள்வி: குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால்?

சிறிய மருத்துவ நிலையமும் மருந்துக்கடைகளும் ஊரிலேயே உள்ளன. அவற்றுள் ஒரு மருந்துக்கடை 1890-இல் தொடங்கியது, உள்ளே பழைய மர அடுக்குகளும் பீங்கான் ஜாடிகளுமாக அதுவே ஒரு காட்சி. பெரிய சிகிச்சைக்குக் கடல் கடந்துதான் போக வேண்டும். ஐரோப்பிய அவசர எண் 112, கிரேக்க ஆம்புலன்ஸ் எண் 166. பயணக் காப்பீடு எடுக்கும்போது, அவசர நிலையில் நோயாளியை வேறிடம் கொண்டுசெல்லும் செலவும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல் மருந்தும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும், படகுக் குமட்டலுக்கு மருத்துவர் எழுதித் தந்ததும் கைப்பையில் இருக்கட்டும். விரைவுப் படகுகளில் பெரும்பாலும் மூடிய கூடத்துக்குள்ளேயே உட்கார வேண்டும், காற்று வாங்க வெளியே வர முடியாது.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? காற்றடித்தால் படகு நின்றுவிடும் என்கிறார்களே?

மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, அல்லது செப்டம்பர். செப்டம்பரில் கடல்நீர் கோடை முழுதும் காய்ந்து இதமாக இருக்கும். மே மாதத்தில் குழந்தைகள் இறங்கியதும் பல்லடிப்பார்கள். கிரேக்க ஈஸ்டரில் போகும் வாய்ப்பிருந்தால், பெரிய வெள்ளி இரவில் கமீனியில் கிறிஸ்துவின் பூப்பல்லக்கைத் தோளில் சுமந்தபடியே கடலுக்குள் இறங்குவதைக் காணலாம். கையில் மெழுகுவத்தியோடு ஊரே கரையில் நிற்கும். ஜூலை, ஆகஸ்டில்தான் விடுப்புக் கிடைக்கும் என்றால் பிற்பகலை அறைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கோடையில் பிற்பகல் மூன்று முதல் ஐந்தரை வரை ஓசையடங்கும் நேரம் என்பது அந்நாட்டு விதி. ஆகவே பிள்ளைகளிடம், “ஊரே தூங்குகிறது, நீயும் தூங்கு” என்று சொல்ல முடியும்.

காற்று கடுமையாகும்போது துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்துவது உண்மை. சிறிய விரைவுப் படகுகளுக்குப் பெரிய கப்பல்களுக்கு முன்பே தடை வந்துவிடும். ஆதலால் விமானம் ஏறும் நாளன்று காலையில் தீவிலிருந்து புறப்படுவதாகத் திட்டமிடாதீர்கள். கடைசி இரவை ஏதென்ஸிலோ பிரேயஸிலோ வைத்துக்கொள்ளுங்கள். பிரேயஸிலிருந்து விமான நிலையத்துக்கு 2022 முதல் மெட்ரோவின் 3-ஆம் தடம் நேராகவே போகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். படகு அடியோடு நின்று, கட்டாயம் வெளியேற வேண்டியிருந்தால், எதிர்க்கரையான பெலொபொனீஸில் உள்ள மெத்தோகிக்குச் சிறு படகு ஓடுகிறதா என்று துறையில் விசாரியுங்கள். அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம்; ஆனால் அங்கிருந்து ஏதென்ஸுக்குத் தரைவழியில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, டாக்சியை முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் படகில் ஏறுங்கள்.